குளிர்மலை வீட்டின் உட்சுவருக்கு எந்தப் பெயிண்ட்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கோத்தகிரிக்கு அருகே ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், சரிவை வெட்டிச் சமன் செய்த மனையில், 6 அங்குல சாலிட் பிளாக்கால் (துளையில்லாத கான்கிரீட் கல்லால்) கட்டிய வீடு. கட்டி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு விலை உயர்ந்த பளபளப்பு எமல்ஷன் (தண்ணீர் வகை பெயிண்ட்) அடித்தீர்கள். எட்டு மாதத்துக்குள் படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளிகள் படர்ந்தன. மண்மேட்டை ஒட்டிய பின்சுவரின் அடிப்பகுதியில் உப்பு பூத்துப் பெயிண்ட் உரிந்தது. "சுவர் முழுக்க எனாமல் (எண்ணெய் வகை பெயிண்ட்) அடித்துவிட்டால் ஈரம் உள்ளே வராது" என்று பெயிண்டர் சொல்கிறார். அதைச் செய்யலாமா, இல்லையென்றால் எந்தப் பெயிண்ட் வாங்குவது, உயரத்தால் காற்றழுத்தம் குறைவது பெயிண்டைப் பாதிக்குமா என்று கேட்கிறீர்கள்.

எனாமல் அடிக்க வேண்டாம். எந்தப் பெயிண்ட் என்பதை இந்த விஷயத்தில் கடைசியாகத்தான் முடிவு செய்ய வேண்டும். சமவெளியில் சுவருக்கு வண்ணம் அடிப்பது பெரும்பாலும் அழகைப் பற்றிய வேலை. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ அது முதலில் ஈரத்தைப் பற்றிய வேலை. நீங்கள் சொன்ன இரண்டும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள் அல்ல, வெவ்வேறு நோய்கள். பீரோவுக்குப் பின்னால் இருப்பது வீட்டுக்குள்ளிருந்து வந்த ஈரம். பின்சுவரின் அடியில் இருப்பது மலையிலிருந்து வந்த ஈரம். ஒன்றுக்கான மருந்து மற்றதைக் கெடுக்கும்.

என் ஊகத்தை அப்படியே நம்ப வேண்டாம். இதைச் சோதித்துப் பார்க்க ஒன்றரை அடிச் சதுரமான கனத்த பாலித்தீன் தாள் போதும். சந்தேகத்துக்குரிய இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, தாளின் நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டிவிடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் வைக்கச் சொல்வார்கள்; மலைக்குளிரில் நான் இரண்டு இரவுகள் விடுகிறேன். தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் துளிகள் நின்றால் அறைக்காற்றில் இருக்கும் ஆவிதான் குளிர்ந்த சுவரில் படிகிறது. பின்சுவரின் அடியில் ஒன்று, பீரோ இருந்த இடத்தில் ஒன்று, மேல்தளக் கூரையின் மூலையில் ஒன்று என மூன்று இடங்களில் ஒட்டிப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு முன் பெயிண்ட் கடைக்குப் போவது வீண்செலவு.

பீரோவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்கோடு பார்க்கலாம். ஜனவரி இரவில் வெளியே 6 டிகிரி செல்சியஸ், உள்ளே 18 டிகிரி, உள்காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 13.5 டிகிரிக்குக் குளிர்ந்தாலே துளி விடத் தொடங்கும். 6 அங்குல சாலிட் பிளாக் சுவர் குளிரைத் தடுப்பதில் மிகவும் பலவீனமானது. அப்படிப்பட்ட இரவில் அதன் உள்முகம் 13 டிகிரியை ஒட்டியே இருக்கும். பீரோ மறைத்த இடத்துக்கு அறையின் வெப்பமும் காற்றோட்டமும் போய்ச் சேருவதில்லை என்பதால் அங்கே இன்னும் குளிர்ச்சி. பூஞ்சைக்குத் தண்ணீர் சொட்ட வேண்டும் என்றுகூட இல்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் நின்றாலே அது வளரும். அதனால்தான் சொட்டுத் தண்ணீர் ஒழுகாத வீட்டிலும் கரும்புள்ளி வருகிறது, வீட்டுக்காரரும் இல்லாத ஒழுகலைத் தேடி மொட்டைமாடியை உடைத்துப் பார்க்கிறார்.

இந்த ஆவி எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பகுதி நம்மிடமிருந்துதான். நான்கு பேர் வாழும் வீட்டில் மூச்சு, சமையல், வெந்நீர்க் குளியல், உள்ளே உலர்த்தும் துணி எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் 10 லிட்டர் அளவுக்குத் தண்ணீரைக் காற்றில் கலக்கின்றன. பலரும் எண்ணிப் பார்க்காத கணக்கு சமையல் எரிவாயுவுடையது: ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 20 லிட்டருக்கு மேல் வீட்டுக் காற்றில் சேர்ந்திருக்கும். பெயிண்ட் சீக்கிரம் உலரட்டும் என்று கேஸ் ஹீட்டரை அறைக்குள் கொளுத்தி வைக்கிறார்களே, அது சுவருக்கு நீராவி பிடிப்பதற்குச் சமம். சூடுதான் வேண்டுமென்றால் மின்சார ஹீட்டர் வையுங்கள்.

"வெளியே மூடுபனி, ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வராதா?" என்று கேட்பீர்கள். 12 டிகிரியில் இருக்கும் மூடுபனிக் காற்று, முழு ஈரத்தோடு இருந்தாலும், 18 டிகிரி அறைக்குள் வந்து சூடானதும் அதன் ஈரப்பதம் 68 விழுக்காடாக இறங்கிவிடும். சமையல் முடிந்த வீட்டுக் காற்றைவிட அது உலர்ந்த காற்றே. ஆனால் அறை உண்மையிலேயே வெளியைவிடச் சூடாக இருந்தால்தான் இந்த நன்மை கிடைக்கும்; பூட்டிக் கிடக்கும் குளிர்ந்த வீட்டை மழைநாளில் திறந்து வைப்பதால் பயன் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை வந்து தங்கும் வீடு என்றால் வெயில் எட்டிப் பார்க்கும் நண்பகல் நேரத்தில் யாராவது வந்து இரண்டு மணி நேரம் திறந்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள். பீரோவை வெளிச்சுவரிலிருந்து உட்சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் நான்கு விரற்கடையாவது இடைவெளி விட்டு, கீழே கால் வைத்து உயர்த்துங்கள். சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் மின்விசிறி வேண்டும், அதை ஓட்டவும் வேண்டும். இவ்வளவையும் செய்த பிறகுதான் பூஞ்சைத் தடுப்பு பெயிண்டுக்குப் பொருள் உண்டு. அதிலுள்ள மருந்து சில ஆண்டுகளுக்குப் பூஞ்சையைத் தள்ளிப்போடும். ஈரத்தை அது ஒன்றும் செய்யாது.

இப்போது பின்சுவர். மண்ணில் இருக்கும் தண்ணீர் சுவருக்குள் ஊறி, வழியில் மண்ணிலும் சிமெண்டிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு உள்முகத்துக்கு வந்து ஆவியாகிறது. தண்ணீர் போய்விட, உப்பு மட்டும் படிகமாக நின்று, பெயிண்டின் அடியில் வளர்ந்து அதை நெம்பித் தள்ளுகிறது. பெயிண்ட் மெல்லியதாக, ஆவியைக் கடத்துவதாக இருந்தால் வெறும் வெள்ளைப் பூச்சாக வெளியே தெரியும். பளபளப்பு எமல்ஷன் போல அடைப்பதாக இருந்தால் கொப்புளமாக எழும். எனாமல் அடித்தால் கொப்புளம் உள்ளங்கை அளவுக்கு வரும், அதோடு ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறி, இப்போது ஓர் அடி உயரத்தில் இருக்கும் ஓதம் அடுத்த மழைக்கு மூன்று அடியில் தெரியும். உங்கள் பெயிண்டர் சொன்ன யோசனையில் இதுதான் கோளாறு.

இதற்கு வேலை வீட்டுக்கு வெளியேதான் தொடங்க வேண்டும். மேட்டுக்கும் சுவருக்கும் இடையே சந்து இருந்தால், அதில் விழுந்து கிடக்கும் மண்ணையும் சருகையும் அள்ளிவிட்டு, வீட்டின் தரைமட்டத்துக்கு ஓர் அடியாவது கீழே, சரிவு கொடுத்து, சிமெண்ட் பூசிய வடிகால் போடுங்கள். மண் நேரடியாகச் சுவரைத் தொட்டால், வெளிமுகத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு, அதை ஒட்டி ஜல்லி நிரப்பல், அடியில் துளையிட்ட குழாய் என்று மூன்றும் வேண்டும். மேட்டைத் தாங்கும் தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற வைத்த துளைகள் அடைந்திருந்தால் திறந்துவிடுங்கள். ஆனால் சந்தை அகலமாக்குகிறேன் என்று மேட்டை மேலும் வெட்டுவதைப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்காமல் செய்யாதீர்கள். 2009 நவம்பர் மழையில் நிலச்சரிவுகளால் நீலகிரி என்ன பாடுபட்டது என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

வெளிவேலை முடிந்ததும், உள்ளே ஓதம் ஏறிய கோட்டுக்கு ஓர் அடி மேல் வரை பூச்சைக் கொத்தி எடுத்து, சுவருக்குள் ஊடுருவிப் படிகமாகும் வகை சிமெண்ட் நீர்த்தடுப்புக் கலவையைத் தடவி, மறுபடி பூச வேண்டும். உள்பக்கத்திலிருந்து தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்குவது இந்த வகைதான். ரப்பர் போன்ற படலமாக நிற்கும் நீர்த்தடுப்பு பெயிண்டுகளை உள்ளே அடித்தால் தண்ணீர் அவற்றைப் பின்னாலிருந்து தள்ளி உரித்துவிடும். பூசிய பிறகு காத்திருங்கள். சிமெண்டுக்கு 28 நாள் என்பது கெட்டியாவதற்கான கணக்கு, உலர்வதற்கான கணக்கு அல்ல. குளிரில் இரண்டுமே மெதுவாகத்தான் நடக்கும். பாலித்தீன் தாளை மறுபடி ஒட்டி, அது காய்ந்திருப்பதைப் பார்த்த பிறகே பட்டி (சுவரைச் சமப்படுத்தும் மாவு) பார்க்க அனுமதியுங்கள். புது வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது, முதல் ஆண்டில் சிமெண்டின் காரத்தைத் தாங்கும் பிரைமரும் (அடிப்பூச்சும்) ஒரு கோட் சாதாரண மேட் (பளபளப்பில்லாத) எமல்ஷனும் போதும், ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் கடக்கட்டும் என்பது. கிரகப்பிரவேசப் படத்தில் சுவர் சற்று மங்கலாகத் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எப்போது அடிப்பது என்பதில் மலையில் மன்னிப்பே கிடையாது. எமல்ஷன் உலர்வது என்றால் தண்ணீர் ஆவியாவது மட்டுமல்ல; அதில் மிதக்கும் நுண்ணிய பிசின் உருண்டைகள் நெருங்கி, இளகி, ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாக வேண்டும். பொதுவாக 10 டிகிரிக்குக் கீழே அவை சரியாக இளகுவதில்லை. மேலுக்குக் காய்ந்தது போலத் தெரியும், ஆனால் கையால் தடவினால் மாவாக ஒட்டும். சுவரின் வெப்பநிலை, காற்று துளிவிடும் வெப்பநிலைக்குக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆகவே பனி விலகிச் சுவர் சற்றே சூடேறிய பின், காலை பத்து மணி வாக்கில் தொடங்கி, பிற்பகல் மூன்று மணிக்குப் பிரஷைக் கழுவிவிட வேண்டும். டப்பாவில் இரண்டாவது கோட்டுக்கு நான்கு மணி நேரம் என்று அச்சிட்டிருப்பது வெப்பமான ஊர்களின் கணக்கு. இங்கே ஒரு முழு நாள் விடுங்கள். நாள்கூலிக்கு வரும் பெயிண்டருக்கு இது பிடிக்காது. இரண்டு அறைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தால் அவருக்கும் வேலை நிற்காது.

மாதம் என்றால் பிப்ரவரி பிற்பாதி முதல் ஏப்ரல் வரை. டிசம்பர், ஜனவரியில் பகல் வெயில் பளிச்சென்று இருந்தாலும் இரவில் உறைபனி விழும். ஜூன் முதல் ஊட்டியின் மேற்குப் பக்கமும் கூடலூரும் தென்மேற்குப் பருவமழையில் நனைகின்றன. உங்கள் பக்கமும் குன்னூரிலும் அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிது. கோடை விடுமுறைக்கு வீட்டைத் தயாராக்க எல்லோரும் ஏப்ரல் கடைசியில் ஆள் தேடுவார்கள் என்பதால் மார்ச்சிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விதியை மீறியவர்களில் நானும் ஒருவன். குன்னூரில் இருந்தபோது வீட்டில் ஒரு விசேஷம், டிசம்பர் நடுவில் கூடத்துக்கும் குளியலறைக்கும் எமல்ஷன் அடித்து முடித்தோம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், குளியலறைச் சுவரின் மேல்பாதியிலிருந்து தேன் வழிந்தது போல் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள், தொட்டால் பிசுபிசுப்பு. பெயிண்ட் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன், அவரும் பதிலுக்குக் கத்தினார். பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான். நிறமியும் பிசினும் தண்ணீரில் பிரியாமல் கலந்திருப்பதற்காக அதில் சோப்பு போன்ற பொருட்களைச் சேர்க்கிறார்கள். படலம் முழுதாக இறுகும் முன் குளிரில் அதன்மேல் துளிகள் படிந்தால், அந்தப் பொருட்கள் கரைந்து வெளியே வழியும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போய்விடும். ஓரிரு முறை மறுபடி வரலாம், அப்போதும் துடைத்தால் போதும். நான் அதற்குள் அதன்மேல் இன்னொரு கோட் அடித்து, அதுவும் வழிந்து, விசேஷத்துக்கு வந்த அத்தை "சுவர் அழுகிறதா?" என்று கேட்கும்படி ஆயிற்று.

பொருட்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவே. முதலில் பூஞ்சையைக் கொல்ல வேண்டும், அதன்மேல் அடிக்கக் கூடாது. ஒரு பங்கு ப்ளீச் திரவத்தை மூன்று பங்கு தண்ணீரில் கலந்து தடவி, இருபது நிமிடம் விட்டு, கழுவி, நன்றாக உலரவிடுங்கள். ஜன்னலைத் திறந்து, கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு ப்ளீச் கலந்தால் நச்சு வாயு வரும் என்பதை வேலையாளிடமும் சொல்லிவிடுங்கள். உலர்ந்த கரும்புள்ளிகளை உப்புத்தாளால் தேய்த்தால் வித்துகள் வீடெங்கும் பரவும். பட்டி என்றால் வெள்ளை சிமெண்ட் பட்டிதான். அக்ரிலிக் பட்டி ஈரம் பட்டால் இளகிவிடும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வெளிச்சுவரின் உள்முகத்துக்கு வேண்டவே வேண்டாம். வெள்ளை சிமெண்ட் பட்டியையும் இரண்டு மெல்லிய கைக்கு மேல் தடவ வேண்டாம், கண்ணாடி போன்ற வழவழப்பு மலை வீட்டுக்குத் தேவையில்லை. பிறகு காரம் தாங்கும் தண்ணீர் வகை பிரைமர், அதன்மேல் பூஞ்சைத் தடுப்புச் சேர்த்த மேட் எமல்ஷன் இரண்டு கோட். பளபளப்பு கூடக்கூட ஆவியைக் கடத்தும் தன்மை பொதுவாகக் குறையும். இங்கே நடுத்தர விலை மேட், அதைவிட இரட்டிப்பு விலைப் பளபளப்பைத் தோற்கடிக்கும். குளியலறையும் சமையலறையும் மட்டும் விதிவிலக்கு, அங்கே துடைக்க வசதியாக லேசான மினுமினுப்பு இருக்கலாம்.

உங்கள் வீடு புதியது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய பழைய மலை வீடு இருந்தால், மேலே சொன்ன எமல்ஷன்கூட வேண்டாம் என்பேன். கனத்த கல்சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் மழையில் ஈரத்தை வாங்கி வெயிலில் விடுவதாக அமைந்தவை. நீர்த்த சுண்ணாம்பை வடிகட்டி மூன்று நான்கு மெல்லிய கோட்டாக அடித்தால், அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துக் கல்லாக இறுகும், ஆவியைத் தடுக்காது, அதன் கடுங்காரத்தில் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பவர்களும் உண்டு. தோட்டத்தில் உருளைக்கிழங்குக்கு அடிக்கும் போர்டோ கலவையும் சுண்ணாம்பும் துத்தமும்தான், பூஞ்சையை அடக்கும் வேலை இரண்டிலும் ஒன்றே. ஏற்கெனவே சுண்ணாம்பு அடித்த சுவரின் மேல் எமல்ஷன் அடித்தால் பாளம் பாளமாக வரும், அடியில் பிடிமானம் இல்லை. இந்தப் பழைய வீடுகளின் கதவு, ஜன்னல் எனாமலைச் சுரண்டும்போது மட்டும் கவனம் வேண்டும்: வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய படலத்தை நனைத்தே தேய்க்க வேண்டும், குழந்தைகளை அன்று வேறு வீட்டில் விட வேண்டும்.

உயரத்தால் காற்றழுத்தம் குறைவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே மேல். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் கொஞ்சம் வேகமாக ஆவியாகும் என்பது உண்மை. ஆனால் நம் மலைகளில் குளிரும் ஈரமும் அந்த வேகத்தைத் தின்றுவிடுகின்றன. 3,500 மீட்டரில் உள்ள லடாக்கின் லே நகரத்தில் கதை நேர்மாறு. அங்கே காற்று மிக உலர்ந்தது, கோடையில் ரோலர் அடுத்த பட்டைக்குப் போவதற்குள் முந்தைய பட்டையின் ஓரம் காய்ந்து கோடு விழும். ஆகவே 'உயரமான இடங்களுக்கான பெயிண்ட் முறை' என்று பொதுவாக எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அப்படியே கோத்தகிரியில் செய்யாதீர்கள். அழுத்தத்தால் இங்கே நடைமுறையில் தெரிவது ஒன்றுதான்: மேட்டுப்பாளையத்தில் வாங்கி மேலே கொண்டுவந்த டப்பா, சிப்ஸ் பாக்கெட்டைப் போலச் சற்றே உப்பியிருக்கலாம். மூடியின் மேல் பழைய துணியைப் போட்டுத் திறங்கள்.

நிறத்தைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம், இதில் தவறினால் சுவர் கெடாது, மனம்தான் கெடும். மூடுபனி நாளின் வெளிச்சம் சாம்பல் நீலம். கடையின் குழல்விளக்கில் தூய வெள்ளையாகத் தெரிந்தது உங்கள் கூடத்தில் மருத்துவமனைச் சுவராகத் தெரியும். மஞ்சளோ காவியோ ஒரு துளி கலந்த வெள்ளை இங்கே இதமாக இருக்கும். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிரும் 1,000 மீட்டருக்கு 10 விழுக்காடு அளவில் கூடுகிறது, அதில் ஒரு பகுதி ஜன்னல் கண்ணாடியைக் கடந்து வரும். ஆகவே குளிர்கால வெயில் சாய்ந்து விழும் தெற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் பளீர்ச் சிவப்பும் ஊதாவும் வெளிறும், காவியும் மண்நிறங்களும் நிற்கும். இரண்டடிச் சதுர அட்டையில் இரண்டு கோட் அடித்து, அதைப் பின்சுவரில் ஒரு நாள், ஜன்னலோரம் ஒரு நாள் சாய்த்து வையுங்கள். பனி இறங்கிய மாலை நான்கு மணிக்கும், வெயிலடிக்கும் காலை பத்து மணிக்கும், இரவில் விளக்கு போட்டும் பார்த்த பிறகு டப்பாவுக்குச் சொல்லுங்கள்.